இளையராஜா பாட்டில் காது செய்யும் வேலை

1985-இல் வந்த 'பகல் நிலவு' படத்தின் 'பூமாலையே' பாட்டில் இளையராஜாவின் குரலும் ஜானகியின் குரலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளில் போகும் இடங்கள் உண்டு. அடியில் பேஸ் கிட்டார், சுற்றிலும் வாத்தியங்கள். இத்தனையும் நம்மிடம் தனித்தனியாக வந்து சேர்வதில்லை. எல்லாம் கூடி ஒரே காற்றலையாகத்தான் செவிப்பறையைத் தட்டுகின்றன. அந்த மெல்லிய சவ்வு ஒரு கணத்தில் ஒரு விதமாகத்தான் அசைய முடியும். அப்படியும் ராஜா வேறு, ஜானகி வேறு என்று துல்லியமாகக் கேட்கிறோமே, எப்படி?

முதல் பிரிப்பு உட்காதில் நடக்கிறது. நத்தைக் கூடு போல் சுருண்ட காக்ளியாவை நீட்டிப் பார்த்தால் சுமார் 35 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் சவ்வு, வாசல் பக்கம் கீச்சுக் குரலுக்கும் கடைக்கோடியில் கனத்த ஒலிக்கும் அதிர்கிறது. இந்த அதிர்வை ஆராய்ந்த கியோர்க் ஃபான் பெகேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்படிச் சிதறியதைத் திரும்பக் கோப்பது மூளை. ஒன்றாகத் தொடங்குகிற ஒலிகள், சுருதியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, ஒரே நாதம் உள்ளவை ஆகியவற்றை அது ஓர் இழையாக்குகிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1990-இல் எழுதிய பெருநூல் இதைத்தான் விரித்துச் சொல்கிறது. ஆண் குரலும் பெண் குரலும் ஸ்தாயியிலும் நாதத்திலும் விலகி நிற்பதால் 'பூமாலையே' நமக்குக் குழம்புவதில்லை.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர் ராஜா. தனித்தனியே முழுமையான மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னும் 'கவுன்டர்பாயின்ட்' என்ற கலையைத் தமிழ்ப் பாட்டுக்குள் இயல்பாகக் குடிவைத்தார். அவருடைய பேஸ் கிட்டாரும் வெறுமனே தாளத்துக்குத் துணை நிற்பதில்லை. தானும் ஒரு மெட்டு பாடிக்கொண்டே வருகிறது.

அந்த பேஸில் இன்னொரு விந்தை இருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். டீக்கடை டிரான்சிஸ்டரின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது. ஆனால் அதே தந்தி 123, 164, 205 என்று 41-இன் மடங்குகளிலும் ஒலிக்கிறது. மேலே இருக்கும் மடங்குகள் வந்து சேர்ந்தாலே போதும். அவற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய சுருதியை மூளை தானே கண்டுகொள்கிறது. ஸ்பீக்கர் தராத சுரம் நம் மூளைக்குள் பிறக்கிறது!

சுருதியில் பக்கத்தில் இருப்பவற்றை ஓர் இழையாகக் கோக்கும் மூளையின் பழக்கத்தை ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1720-லேயே பயன்படுத்தியிருக்கிறார். ஒற்றை வயலினுக்கு அவர் எழுதிய ஈ மேஜர் 'பார்ட்டிடா' என்ற இசைத் தொகுப்பின் முதல் பகுதியில் வில் மேல் சுரத்துக்கும் கீழ்ச் சுரத்துக்கும் மாறி மாறித் தாவுகிறது. ஓட்டம் வேகமானதும் மேலே உள்ளவை ஒரு மெட்டாகவும் கீழே உள்ளவை இன்னொரு மெட்டாகவும் பிரிந்து, இருவர் வாசிப்பது போல் கேட்கிறது. 1986-இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் வழியாக ராஜா இந்த இசையைத்தான் தன் இசையோடு சந்திக்க வைத்தார்.

இழைகளை மூளை பிரித்துத் தந்தாலும் எதைப் பின்தொடர்வது என்பது நம் விருப்பம். ஓர் இழையில் கவனம் வைத்ததும், மூளையின் கேட்கும் பகுதி அந்த இழைக்கு இன்னும் வலுவாக இசைந்து கொடுப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே 'பூமாலையே' பாட்டை ஒருமுறை ராஜாவின் குரலோடு மட்டும் போய்க் கேளுங்கள். அடுத்த முறை ஜானகியோடு. பிறகு பேஸோடு. பல பாட்டுகளில் பாடகரை விட்டு விலகினால் வெறும் நிரப்பல்தான் மிஞ்சும். ராஜாவிடம் கவனம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு முழு மெட்டு இருக்கிறது. நாற்பது ஆண்டு கேட்ட பாட்டு இன்றும் புதிதாகத் தோன்றுவதற்கு என்னைப் பொறுத்தவரை இதுவே காரணம்.