வெளிச்சம்தான் இங்கே வில்லன்! - 'தி அதர்ஸ்' படத்தின் பூட்டிய வீடு இன்றும் மிரட்டுவது ஏன்?

திகில் படங்களில் இருட்டு வந்தால் பயப்படுவோம், விளக்கு எரிந்தால் மூச்சு விடுவோம். இந்த வழக்கத்தை அப்படியே திருப்பிப்போட்ட படம், 2001-ல் வெளியான 'தி அதர்ஸ்'. இதில் ஜன்னல் திரை விலகினால்தான் நமக்கு நெஞ்சு படபடக்கும்!

கதை நடப்பது 1945-ல், பிரான்ஸ் கரைக்கு அருகே இருக்கும் ஜெர்ஸி தீவில். ஐந்து வருட ஜெர்மானிய ஆக்கிரமிப்பு அப்போதுதான் முடிந்திருக்கிறது. போருக்குப் போன கணவர் திரும்பவில்லை. பனிமூட்டம் சூழ்ந்த பெரிய மாளிகையில் மகள் ஆன், மகன் நிக்கோலஸுடன் தனியாக வாழ்கிறார் கிரேஸ் (நிக்கோல் கிட்மேன்). பிள்ளைகளுக்கு வினோதமான ஒரு நோய். வெயில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் வீடு முழுக்கத் திரைச்சீலைகள். ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். புதிதாக வேலைக்கு வரும் மூன்று பேருக்கும் முதல் பாடமே இதுதான்.

அதன் பிறகுதான் ஆரம்பிக்கிறது ஆட்டம். ஆளில்லாத மாடியில் காலடிச் சத்தம். பூட்டிய அறையில் பியானோ இசை. "இந்த வீட்டில் விக்டர் என்று ஒரு பையன் இருக்கிறான்" என்கிறாள் ஆன்.

நம்பாத அம்மா

படத்தின் நிஜமான பயம் அந்தப் பையன் இல்லை. மகள் சொல்வதை அம்மா நம்பாததுதான். "பொய் சொல்கிறாய்" என்று ஆனைப் படிக்கட்டில் உட்காரவைத்து, பைபிளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லித் தண்டிக்கிறார் கிரேஸ். பிள்ளைகள்மீது அவருக்கு அன்பு இல்லாமலா? அளவுக்கு அதிகமாகவே இருக்கிறது. ஆனால், அந்த அன்பே பூட்டாக மாறும்போது, வெளியிலிருந்து வரும் ஆபத்தைவிட வீட்டுக்குள் இருக்கும் மௌனம் பெரிதாகிவிடுகிறது. 'சும்மா கதை விடாதே' என்று குழந்தைகளின் வாயை அடைத்த எந்தப் பெற்றோருக்கும் இந்தக் காட்சி சுருக்கென்று தைக்கும்.

ஒரே ஆள், மூன்று வேலை

எழுத்து, இயக்கம், இசை மூன்றும் ஸ்பெயினைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ அமெனாபார். ரத்தம் தெறிக்கும் காட்சிகளை நம்பாமல் பனி, மெழுகுவத்தி, சாவிக்கொத்தின் ஓசை என்று சின்னச் சின்ன விஷயங்களாலேயே பயத்தை வளர்த்திருப்பார். படப்பிடிப்பு நடந்ததும் ஸ்பெயினில்தான். அந்த நாட்டின் உயரிய திரைப்பட விருதான கோயாவில் சிறந்த படம் உட்பட எட்டு விருதுகளை அள்ளியது. ஒரு வார்த்தைகூட ஸ்பானிஷ் பேசாத படம் அங்கே சிறந்த படமானது அதுவே முதல்முறை.

கிளைமாக்ஸ் பற்றி மூச்சு விட மாட்டோம். ஆனால், முடிவு தெரிந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். வேலைக்காரர்கள் பேசும் ஒவ்வொரு வசனத்துக்கும் வேறு அர்த்தம் இருப்பது புரியும்.

சின்னக் குழந்தைகளுக்கான படம் இல்லை. வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். பார்த்து முடித்ததும் டிவியை அணைத்துவிட்டு உடனே தூங்கப் போகாதீர்கள். ஆன் சொன்னதை முதலிலேயே காதுகொடுத்துக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களிடமே கேளுங்கள். பதில் சொல்லும்போது மட்டும் குறுக்கே பேசாதீர்கள்!