தோணியில் ஏற்றுமுன் தராசில் ஏற்றுங்கள்!

மாணவ நண்பர்களே, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குள் நீங்கள் சென்றதுண்டா? ஒரு பக்கம் காய்கறி, ஒரு பக்கம் மீன், இன்னொரு பக்கம் அரிசி, பருப்பு, அவல், வெல்லம். எங்கு திரும்பினாலும் தராசுகள்! இன்று நாம் அங்கே ஒரு புதுமையான பட்டியலுடன் நுழைவோம். நான்கு மாணவர்கள் ஒரு தோணியில் மூன்று நாள் காட்டு நீர்வழியில் செல்வதற்கான சாமான் பட்டியல் அது. பயணம் காகிதத்தில்தான். ஆனால் கணக்கு மெய்யானது.

எந்தக் காடு? புதுச்சேரிக்குத் தெற்கே, சிதம்பரத்துக்கு அருகே உள்ள பிச்சாவரத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, கிளை கிளையாகப் பிரியும் கால்வாய்களுக்கு நடுவே வளர்ந்த அலையாத்திக் காடு இது. 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது.

தோணி எவ்வளவு அமிழும்?

நமது தோணி 5 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு 3 சதுர மீட்டர். அது 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 30 லிட்டர் நீரை விலக்கும். 30 லிட்டர் நல்ல நீரின் எடை 30 கிலோ. ஆகவே, ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, நாம் ஏற்றும் ஒவ்வொரு 30 கிலோவுக்கும் தோணி 1 சென்டிமீட்டர் கீழே இறங்கும். உப்பு நீர் சற்று அடர்த்தி மிகுந்தது. அதில் அமிழ்வது சிறிது குறையும்.

தோணியின் எடை 60 கிலோ, நால்வரின் எடை 180 கிலோ என்றால் மொத்தம் 240 கிலோ. சாமான் ஏற்றுமுன்பே 8 சென்டிமீட்டர் அமிழ்ந்துவிட்டது! இனி ஏற்றும் ஒவ்வொரு பொருளையும் யோசித்துத்தான் ஏற்ற வேண்டும்.

உருளைக்கிழங்கா, அவலா?

இப்போது மார்க்கெட்டுக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,100 கலோரி உணவு தேவை என்று கொள்வோம். அரிசி, அவல், பருப்பு போன்ற உலர்ந்த பொருள்களில் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி கிடைக்கும். ஆக, 600 கிராம் போதும். அதே கலோரியை உருளைக்கிழங்கிலிருந்து மட்டும் பெற வேண்டுமானால் சுமார் 3 கிலோ வேண்டும். ஏன்? உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் நீர்! வேர்க்கடலையோ 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் தரும். கடலை மிட்டாயும் கருவாடும் பயணத்துக்கு ஏற்றவை ஆனதன் இரகசியம் இதுதான்: நீர் குறைவு, சத்து மிகுதி.

நால்வருக்கு மூன்று நாளைக்கு உலர் உணவு 7.2 கிலோதான். ஆனால் குடிநீர்? நமது வெயிலில் தலைக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றாலும் 36 லிட்டர். அதாவது 36 கிலோ. உணவைப் போல ஐந்து மடங்கு!

"சுற்றிலும் நீர்தானே, அதைக் குடித்தால் என்ன?" என்று கேட்பீர்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நமது சிறுநீரகங்களால் அவ்வளவு செறிவாக உப்பை வெளியேற்ற முடியாது. எனவே அந்த உப்பைக் கழிக்க உடம்பு தன்னிடமுள்ள நீரையும் செலவழிக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம் பெருகி உயிருக்கே ஆபத்து வரும். அலையாத்திக் காட்டின் சில வகை மரங்கள் தம் இலைகளின் வழியே உப்பை வெளியேற்றிவிடுகின்றன. மரத்துக்கு உள்ள அந்த வசதி நமக்கு இல்லை!

தோள்மேல் ஏறும் படகு

அமெரிக்க-கனடா எல்லையில், மின்னசோட்டா மாநிலத்தில், "பவுண்டரி வாட்டர்ஸ்" என்னும் வனப்பகுதி உண்டு. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். ஏரி நீர் உப்பற்றது, காய்ச்சிக் குடிக்கலாம். அதனால் நீர்ச்சுமை இல்லை. ஆனால் வேறொரு சிரமம் உண்டு. ஓர் ஏரி முடிந்ததும் தோணியையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். இதற்குப் "போர்ட்டாஜ்" என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் மாணவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்: "சுமத்தல்" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. முன்னாளில் அந்நாட்டுப் பழங்குடியினரிடம் கற்ற மரப்பட்டைத் தோணிகளில் கம்பளித்தோல் ஏற்றிச் சென்ற பிரெஞ்சுப் படகோட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 41 கிலோ எடையுள்ள மூட்டைகளை இரண்டிரண்டாகச் சுமந்தார்களாம்!

எடையை எங்கே வைப்பது?

எடை குறைந்தால் மட்டும் போதாது. பாரமான தண்ணீர்க் கேன்கள் அடியில், நடுவில் இருக்க வேண்டும். அப்போது ஈர்ப்பு மையம் தாழ்ந்து தோணி நிலையாக நிற்கும். எழுந்து நின்றாலோ, எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ கவிழும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே நீச்சல் தெரிந்தவரும் மிதவை அங்கி அணிய வேண்டும். பிச்சாவரத்தில் உரிய அனுமதியுள்ள படகில், அவ்வூர்ப் படகோட்டியுடன்தான் செல்ல வேண்டும். அலையேற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக வருவதும், எந்தக் கால்வாயில் எப்போது தரை தட்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி.

காட்டில் ஒரு குடிசை

இத்தனையும் படித்தபின், "காட்டுக்குள்ளேயே எனக்கென்று ஒரு குடிசை இருந்தால்!" என்ற ஆசை உங்களுக்கு எழலாம். எழட்டும், இனிமையான ஆசைதான். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியில் பலருக்கு இதே ஆசை வந்தது. கரையோரங்களில் குடில்களும் விடுதிகளும் பெருகின. 1948-இல் ஒரு சட்டம் இயற்றி அரசாங்கமே அவற்றை விலைக்கு வாங்கத் தொடங்கியது. இன்று அங்கே ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் செல்ல முடியாது. உணவை டின்னிலோ கண்ணாடிப் புட்டியிலோ கொண்டுபோகவும் கூடாது. குடில்கள் போனபின் காடு எல்லோருக்கும் பொதுவாயிற்று.

தோணிக்கு ஒரு கொள்ளளவு உண்டு, காட்டுக்கும் உண்டு. இரண்டிலும் அளவு மீறினால் ஆபத்துத்தான்.

ஓய்வு நாளில் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஒரு தகர டப்பாவைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, 50 கிராம் 50 கிராமாக அரிசி போட்டு, எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்து குறியுங்கள். டப்பாவின் அடிப்பரப்பைக் கொண்டு முன்கூட்டியே விடையைக் கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்துகிறதா?