தராசு சொல்லும் மின்கணக்கு



மின்சாரத்தைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியுமா? "இதென்ன, காற்றை முழம் போட்டு அளப்பது போலல்லவா இருக்கிறது!" என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன், எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு செப்புத் தகடு என் கணக்கைப் பொய்யாக்கும் வரை.

மயில்துத்தக் கரைசலில் இரண்டு செப்புத் தகடுகளைத் தொங்கவிட்டு, 0.5 ஆம்பியர் மின்னோட்டத்தை 40 நிமிடம் செலுத்தினோம். எதிர்மின்வாயில் எவ்வளவு செம்பு படியும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைக்கும்படி சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். நான் 0.0066 கிராம் என்று எழுதினேன். தகட்டில் கூடியிருந்த எடையோ 0.39 கிராம். ஏறக்குறைய அறுபது மடங்கு! தராசு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். "தராசைக் குறை சொல்லுமுன் கடிகாரத்தைப் பாரம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

பிறகுதான் விளங்கியது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு விநாடி பாய்ந்தால் அது ஒரு கூலும். விநாடி, நிமிடமல்ல! 40 நிமிடத்துக்கு 2400 விநாடி, அதை 0.5-ஆல் பெருக்கினால் 1200 கூலும். நானோ நிமிடத்தையே பெருக்கி 20 கூலும் என்று வைத்துக்கொண்டேன்.

இனி கூலும்பைக் கிராமாக மாற்ற வேண்டும். இதற்கு வழி காட்டியவர் மைக்கேல் பாரடே. கொல்லரின் மகனாக 1791-இல் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிஞரானவர் அவர். பாய்ந்த மின்சாரத்தின் அளவுக்கு ஏற்பவே பொருள் வெளிப்படும் என்பதையும், ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு பொருள்களை அவற்றின் சமான எடைகளின் விகிதத்தில் வெளிப்படுத்தும் என்பதையும் 1830-களில் நிறுவினார். எந்தப் பொருளானாலும் ஒரு கிராம் சமான எடை வெளிப்பட ஏறத்தாழ 96,500 கூலும் வேண்டும். அவர் நினைவாக இதனை ஒரு பாரடே என்கிறோம்.

செம்பின் அணு எடை 63.5, இங்கே இணைதிறன் 2, ஆகவே சமான எடை 31.75. இதை 1200-ஆல் பெருக்கி 96,500-ஆல் வகுத்தால் 0.395 கிராம் வருகிறது. தராசு சொன்னதும் அதுதானே! இணைதிறனால் வகுக்க மறந்தால் விடை இரு மடங்காகிவிடும். தேர்வில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அதே 1200 கூலும் வெள்ளி நைட்ரேட் கரைசலில் பாய்ந்திருந்தால், வெள்ளியின் சமான எடை 108 ஆதலால், 1.34 கிராம் வெள்ளி படிந்திருக்கும்.

கணக்கைத் திருப்பியும் போடலாம். ஒரு கரண்டிக்கு 2 கிராம் வெள்ளி முலாம் பூச வேண்டும், மின்னோட்டம் 0.5 ஆம்பியர், எவ்வளவு நேரம் ஆகும்? 2-ஐ 108-ஆல் வகுத்து 96,500-ஆல் பெருக்கினால் சுமார் 1787 கூலும். அதை 0.5-ஆல் வகுத்தால் 3574 விநாடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அவசரப்பட்டு மின்னோட்டத்தை மிகவும் கூட்டினால் உலோகம் பொடிப்பொடியாகப் படிந்து உதிர்ந்துவிடும். தகட்டை ஈரத்தோடு நிறுத்தால் நீரின் எடையும் சேர்ந்துவிடும். காகிதக் கணக்குக்கு இவையெல்லாம் தெரியாது.

நேரமும் எடையும் தெரிந்தால் மின்னோட்டமும் தெரிந்துவிடும். 1893-இல் சிக்காகோவில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து விநாடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியச் செய்யும் மின்னோட்டத்தை ஓர் ஆம்பியர் என்று ஏற்றது. வெள்ளியை வைத்து ஆம்பியரை அளந்த இந்த முறை 1948 வரை நிலைத்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது எடிசனின் மீட்டர். நியூயார்க்கில் பேர்ல் தெரு மின்நிலையம் 1882 செப்டம்பர் 4 அன்று இயங்கத் தொடங்கியது. மின்சாரத்துக்குக் கட்டணம் வாங்க வேண்டுமே! எடிசன் துத்தநாக சல்பேட் கரைசலில் துத்தநாகத் தகடுகள் தொங்கும் ஜாடியை மீட்டராக அமைத்தார். வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கு மட்டும் அதன் வழியே செல்லும். தகடுகளை எடுத்துச் சென்று நிறுத்துப் பார்த்துப் பில் போடுவார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறையாதிருக்க உள்ளே ஒரு விளக்கும் எரியும்.

அந்தப் பங்கு ஆயிரத்தில் ஒன்று என்றும், தகட்டின் எடை 0.327 கிராம் மாறியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். துத்தநாகத்தின் சமான எடை 32.7. ஆகவே ஜாடியில் பாய்ந்தது 965 கூலும். வீட்டில் செலவானது 9,65,000 கூலும், அதாவது 268 ஆம்பியர்-மணி. 110 வோல்ட் என்றால் சுமார் 29½ யூனிட்! தராசில் ஒரு மில்லிகிராம் பிசகினால் வீட்டுக் கணக்கில் ஏறத்தாழ 90 வாட்-மணி பிசகும். வீட்டுக்காரர் எத்தனை முறை ஜாடியை எட்டிப் பார்த்தாலும் தாம் செலவழித்தது எவ்வளவு என்று அறிய வழியில்லை. நிறுத்தவர் சொன்னதை நம்ப வேண்டியதுதான்.

நம் வீடுகளில் இந்த ஜாடி பயன்படாது. நமக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். ஒரு நொடிப் பிளவில் படிந்த உலோகத்தை அடுத்த பிளவில் அதுவே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடும்.