பூவில் தேன், மண்ணில் வேட்டை

சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரம் பக்கம் வேர்க்கடலையும் கரும்பும் விளைகின்றன. சில நேரம் நல்ல செடி திடீரென வாடும். பிடுங்கினால் கையோடு வந்துவிடும். வேரைக் காணோம்! மண்ணைக் கிளறினால் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். அதுதான் வேர்ப்புழு. கோடை மழைக்குப் பின் இரவில் வேப்பிலை தின்ன வருமே ஒரு வண்டு, அது இட்ட முட்டையில் பிறந்தது.

இதற்கு எமன் ஒரு குளவி. கறுத்த உடல், கால் எல்லாம் முடி. மனிதரை எளிதில் கொட்டாது. பகலில் வரப்புப் பூக்களில் தேன் குடிக்கும். பெண் குளவி மண்ணைத் தோண்டி உள்ளே போகும். வேர்ப்புழுவைக் கொட்டும். புழு அசைய முடியாமல் கிடக்கும். அதன்மேல் குளவி முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு, வேர்ப்புழுவைத் தின்றே வளரும்.

பூத்த செடிமேல் மருந்து அடித்தால் என்ன ஆகும்? தேன் குடிக்க வந்த குளவி சாகும். மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவுக்கு அந்த மருந்து எட்டாது.