வாப்பாவின் பீட்டில் காருக்கு ஏ.சி பூட்டலாமா?

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார்: "ஹஸ்ரத், மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்ற பீட்டில் கார் நிற்கிறது. வெக்கையில் பிள்ளைகள் அழுகிறார்கள். ஏ.சி பூட்டினால் இஸ்ராஃப் ஆகுமா?"

சூட்டில் வாடும் மனைவி மக்களுக்காகச் செலவழிப்பதை வீண்விரயம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இந்தக் காரில் பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பீட்டிலில் ரேடியேட்டர் கிடையாது. பின்னாலிருக்கும் எஞ்சினைக் குளிர்விப்பவை ஒரு காற்றாடியும் சுமார் இரண்டரை லீட்டர் எண்ணெயும்தான். குளிர்நாட்டவருக்காக அந்தக் காற்றில் ஒரு பகுதியைப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பெட்டிகள் வழியே சூடாக்கிக் காருக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் அந்தக் காற்றோடு புகையும் வரும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியைத் திறந்து ஓடிய காலத்தில் இது தெரியாமலே போயிருக்கும். ஏ.சி வந்தபின் கண்ணாடிகள் மூடப்படும், பின்னாசனத்தில் பிள்ளைகள் உறங்குவார்கள். ஆகவே ஏ.சிக்கு முற்பணம் கொடுக்கும் முன் அந்தப் பெட்டிகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டர் வால்வு திறந்தபடியே இறுகிப்போன கார்களும் உண்டு. வெக்கையில் பாதிக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்!

இனி ஏ.சி. 1600 சிசி எஞ்சினின் திறனே சுமார் 50 குதிரைச் சக்திதான். கம்ப்ரசர் அதிலிருந்துதான் எடுக்கும். மேட்டில் ஏறும்போது அணைத்துவிடுங்கள். பழைய 6 வோல்ட் கார் என்றால் முதலில் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். டைனமோவுக்குப் பதில் ஒல்டர்னேட்டர் நல்லது.

கண்டென்சரை எஞ்சின் மூடியில் வைப்பது வேலை செய்பவருக்கு இலகு. ஆனால் அது கக்கும் சூட்டையே எஞ்சின் காற்றாடி உறிஞ்சும். போர்ஷே 911 இல் அப்படித்தானே வைத்தார்கள் என்பார்கள். அது பல மடங்கு எண்ணெய் கொள்ளும் வேறு எஞ்சின். காரின் முன்பக்கம் அல்லது அடியில், தனி மின்விசிறியோடு வைக்கச் சொல்லுங்கள்.

முன்பே பூட்டிய பழைய ஏ.சி இருந்தால் அது ஆர்12 வாயுவுக்கானது. 1987 மொன்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. எண்ணெயையும் குழாய்களையும் மாற்றாமல் அதில் ஆர்134ஏ நிரப்புவது காசைக் காற்றில் விடுவதுதான்.

இன்னொன்று. ஏ.சிக்காக டாஷ்போர்டையும் தகட்டையும் வெட்டினால் பழைய காரின் விலை குறையலாம். சொத்துப் பங்கிடப்படாதவரை அந்தக் கார் ஒருவருடையது அல்ல, எல்லா வாரிசுகளுடையதும். வெட்டுவதற்கு அவர்கள் அனைவரின் சம்மதமும் வேண்டும். இதைச் சொன்னபோதுதான் சகோதரர், தமக்கு இரண்டு தங்கைகள் இருப்பதாகச் சொன்னார். அவர்களிடம் இன்னும் கேட்கவில்லையாம்.