ஆய்வும் அறமும் – 7: ஒப்புதல் படிவம் கேட்காத கேள்விகள்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் சுப்பாய் என்றொரு ஊர் இருக்கிறது. சாலை கிடையாது. தபால்கூடக் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் இறங்குகிறது. அங்குள்ள ஹவசுப்பாய் பழங்குடியினர் சில நூறு பேர். சர்க்கரை நோய் அவர்களை வாட்டிக்கொண்டிருந்தபோது, 1990-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் கேட்டு வந்தார்கள். நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பிப் பலர் கையை நீட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்டோரின் ரத்தம் சேர்ந்தது. 2003-இல் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒன்றைக் கேட்கப் போன அந்த இனத்துப் பெண் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியவந்தது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம், முன்னோர் இடம்பெயர்ந்த வரலாறு என்று வேறு ஆய்வுகளுக்கும் அந்த ரத்தம் போயிருந்தது.

ஆய்வாளர் தரப்புக்கு ஒரு வாதம் இருந்தது: ஒப்புதல் படிவத்தின் சொற்கள் விரிவானவை, கீழே கையெழுத்தும் இருக்கிறது. என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. இன்று ஆய்வாளர்களுக்குத் தரப்படும் அறப்பயிற்சி பெரும்பாலும் மனிதர்கள் மீதான ஆய்வுக்கு நெறி வகுத்து 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கையின் வழியில் வந்தது. தனிமனிதரின் ஒப்புதலே அதன் அச்சாணி. கணினி முன் அமர்ந்து பாடங்களைப் படித்து, சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் சான்றிதழ் வந்துவிடும். கையெழுத்து வாங்கினாயா, ஆபத்தைச் சொன்னாயா, பெயரை மறைத்தாயா என்று அந்தப் பயிற்சி கேட்கும். ஹவசுப்பாய் மக்களுக்கு நேர்ந்த தீங்கை இந்தக் கேள்விகள் தொடவே இல்லை. தனிமனிதரின் பெயரை மறைக்கலாம். இனத்தின் பெயர் வெளியே நிற்கிறது. சில நூறு பேர் கொண்ட இனத்தின் மேல் ஒட்டப்படும் முத்திரை, ஒரு துளி ரத்தமும் தராதவர் மேலும் விழுகிறது. தாங்கள் தோன்றிய இடம் அந்தப் பள்ளத்தாக்கே என்பது அவர்களின் நம்பிக்கை. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 1975-இல்தான் தங்கள் நிலத்தில் ஒரு பெரும்பகுதியை மீட்டிருந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் ரத்தத்தையே சாட்சியாக நிறுத்துவது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நம்பிக்கைக்காக அறிவியல் உண்மையை மறைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முடிவை மாற்றும்படி நான் கேட்கவில்லை. சர்க்கரை நோய்க்கென்று நம்பித் தந்த ரத்தத்தை வேறொரு கேள்விக்குத் திருப்பும் முன், தந்தவரிடமும் அவர் சமூகத்திடமும் திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்கிறேன். சமூகத்தின் சார்பில் பேசுவது யார், தலைவர்கள் பெண்களின் குரலையும் இளையோரின் குரலையும் அமுக்கிவிட மாட்டார்களா என்ற ஐயம் முந்தைய கேள்வியைவிடக் கனமானது. அதனால்தான் சமூகத்தின் ஒப்புதல் தனிமனித ஒப்புதலோடு கூடுதலாகச் சேர வேண்டும். ஒருபோதும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. காலதாமதம் ஆகும் என்பார்கள். ஆகத்தான் செய்யும். ஆனால் ஹவசுப்பாய் மக்கள் பல்கலைக்கழகத்தின் மேல் தொடுத்த வழக்கு 2010-இல்தான் சமரசத்தில் முடிந்தது. பல்கலைக்கழகம் 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் தந்தது, எஞ்சிய ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. முன்பே கேட்டிருந்தால் இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்காது.

கேட்கும் முறையைச் சில சமூகங்களே வகுத்துவிட்டன. அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்கள் 2002-இல் தங்கள் மண்ணில் மரபணு ஆய்வுகளை நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்கென்று சொந்த ஆய்வு மதிப்பீட்டுக் குழுவும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள், தங்கள் இனத்தவர் சிலருடைய மரபணுத் தொகுப்பு தங்கள் தலைமையைக் கலக்காமலே 2010-இல் வெளியானது கண்டு கொதித்து, 2017-இல் ஆய்வாளர்களுக்கென்று தங்கள் நெறிமுறையை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவை அதன் தூண்கள். 2011-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘சிங்’ பயிலரங்கு பழங்குடி இளைஞர்களுக்கு மரபணு அறிவியலைக் கற்றுத்தந்து, அதன் அறச்சிக்கல்களையும் அவர்களோடு விவாதிக்கிறது. இதுதான் எனக்கு அதிக நம்பிக்கை தருவது; கேள்வி கேட்பவர்களுக்குத் துறையின் மொழியும் கைவந்துவிடுகிறதே. ஆய்வாளருக்கான பயிற்சியும் இந்தத் திசைக்குத் திரும்ப வேண்டும். எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊராரில் சிலர் பயிற்சியாளராகவும் தேர்வாளராகவும் உட்கார வேண்டும். அதற்குரிய ஊதியம் அவர்களுக்கு ஆய்வு நிதியிலிருந்தே போக வேண்டும். ஊசியைக் கையில் எடுக்கும் முன் ஆய்வாளர் தன் திட்டத்தை அவர்கள் முன் விளக்கட்டும். அவர்கள் வேண்டாம் என்றால், சான்றிதழ் கையில் இருந்தாலும் அந்தத் திட்டம் அங்கேயே நிற்கட்டும்.