வாழும் ஊரில் வாக்குரிமை

பெங்களூரின் நீலசந்திராவில் தமிழும் கன்னடமும் உருதும் ஒலிக்கின்றன. பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. இவர்கள் இந்நகருக்கு வந்த விருந்தினர் அல்லர், குடிமக்களே ஆவர். இந்தியா முழுவதற்கும் குடியுரிமை ஒன்றே. நாட்டின் எப்பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு வழங்குகிறது.

மக்களாட்சியின் உயிர்நாடி வாக்குரிமை. வாக்களிக்கும் வயது முன்பு 21 ஆக இருந்தது. 61ஆம் திருத்தத்தினால் 1989 முதல் 18 ஆயிற்று. சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்குத் தேர்வு பெற வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். இன்றோ வாடகை வீட்டில் வாழ்பவரும் வாக்களிக்கலாம். தேர்தலில் போட்டியும் இடலாம்.

எந்த ஊரில் வாக்களிப்பது? வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலேயே பெயர் பதிவு பெற வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சொந்த ஊரில் வீடு இருப்பது மட்டும் போதாது. பெயர் இரண்டு தொகுதிகளில் இடம்பெறுவதும் கூடாது. குடிபெயர்ந்தவர் 8ஆம் படிவத்தின் வழியாகப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். நீலசந்திரா, சாந்திநகர்ச் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. பெயரை மாற்றாத ஒருவர் இங்கேயே உழைக்கிறார். இங்கேயே வரி செலுத்துகிறார். ஆயினும் இத்தொகுதியின் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. தெருவின் குடிநீருக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் குரல் கொடுக்க வேண்டியவரைப் பிறரே தேர்ந்தெடுக்கின்றனர்.

தம் மொழியைக் காக்கும் உரிமையை 29ஆம் பிரிவு அளிக்கிறது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது 350அ பிரிவு.

உரிமையும் கடமையும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்கள். 1976இல் பத்து அடிப்படைக் கடமைகள் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டன. மொழி, சமய வேற்றுமைகளைக் கடந்து ஒற்றுமை பேணுவதும் பொதுச் சொத்தைக் காப்பதும் அவற்றுள் அடங்கும். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோர் கடமை என 2002இல் பதினொன்றாவது கடமை சேர்ந்தது. வீட்டில் தமிழைப் பேணுவது உரிமை. அண்டை வீட்டாரின் கன்னடத்தைக் கற்று மதிப்பது பண்பு. இரண்டும் உடையவரே நல்ல குடிமகன் ஆவார்.

வினாக்கள்

1. வாக்காளர் பெயர் எந்த இடத்தில் பதிவு பெற வேண்டும்?
2. குடிபெயர்ந்தவர் பெயரை மாற்றாவிடில் எதனை இழக்கிறார்?
3. உங்கள் வீட்டுப் பெரியோரின் பெயர் எத்தொகுதியில் உள்ளது எனக் கேட்டு எழுதுக.